பிறஷ் தடம் தெரியக் கூடாது

பழைய கார்களின் மொடல் செய்கிறவர்கள் தங்கள் வேலையைப் படம் எடுத்துக் காட்டும்போது பெரும்பாலும் இரண்டு வகைதான் கண்ணில் படும். ஒன்று, ஷோரூமிலிருந்து அன்றைக்குத்தான் இறக்கியதுபோல, பார்க்கிறவரின் முகமே தெரியும்படி மினுங்கும் கார். மற்றது, கவனிப்பாரற்றுக் கிடந்து கறள் தின்ற கார்: கதவின் அடி அரித்து, மட்காட்டில் ஓட்டை விழுந்து, சீற் கிழிந்து, ரயர் காற்றுப்போய், சில்லைச் சுற்றிப் புல் முளைத்து. இரண்டாவதுக்குத்தான் பாராட்டு அதிகம். அதைச் செய்ய எவ்வளவு கைத்திறன் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். புதுக் கறள் செம்மஞ்சள், பழைய கறள் கருங்கபிலம், இரண்டுக்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. அவற்றை ஒரு விரலளவு கதவில் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. இருந்தும் அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் ஓரிடத்தில் முரண்டு பிடிக்கும். நாங்கள் பழைய கார்களோடு வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்துத் தெருவில் பழைய கார் என்பது கைவிடப்பட்ட பொருளாக எப்போது இருந்தது?

1913ஆம் ஆண்டு ஃபோர்ட் மொடல் ‘ரி’ ஒன்றை 24இல் ஒரு பங்கு அளவில் செய்யத் தொடங்கியபோது இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. பாகங்களைப் பொருத்திக்கொண்டே போகலாம். பெயின்ற் என்று வந்துவிட்டால் முடிவெடுத்தாக வேண்டும். இந்தக் கார் தன் வாழ்க்கையின் எந்த நாளில் நிற்கிறது? தொழிற்சாலையை விட்டு வந்த முதல் நாளிலா, இருபது முப்பது வருடம் ஓடித் தேய்ந்த பிறகா, ஓட்டம் நின்று ஒருவரும் திரும்பிப் பார்க்காத காலத்திலா?

மொடலின் பாகங்கள் அடங்கிய பெட்டி ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சானின் சூட்கேசில் வந்தது. ஐசிஎம் என்ற உக்ரைன் நிறுவனத்தின் தயாரிப்பு, கீவ் நகரில் இருக்கும் நிறுவனம். சண்டை நடக்கும் நாட்டு அச்சில் வார்த்த பிளாஸ்ரிக்கை இந்த ஊரில் வைத்துத் திறந்தபோது கொஞ்ச நேரம் ஒன்றையும் வெட்டாமல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன். உள்ளே எல்லாம் மிக ஒழுங்காக இருந்தன. சேசி, எஞ்சின், முன்னச்சு, பின்னச்சு, மடக்குக் கூரை, விளக்குகள்.

மொடல் ரி பற்றி வாசித்தவர்களுக்கு அதன் எஞ்சின் ஒரு தனி இன்பம். 2.9 லீற்றர், நான்கு சிலிண்டர், வெறும் 20 குதிரைவலு. நான்கு சிலிண்டரையும் ஒரே வார்ப்பாக ஊற்றி, மேலே தலையைக் கழற்றும்படி வைத்தார்கள். கராஜில் வளர்ந்த கைக்கு அதன் அருமை தெரியும். வால்வு சரிபார்க்க எஞ்சினை முழுதாக இறக்கத் தேவையில்லை. தண்ணீர்ப் பம்ப் இல்லை, சூடான நீர் தானாக மேலேறிக் குளிர்ந்து கீழிறங்கும். பெற்றோல் பம்பும் இல்லை. சீற்றுக்குக் கீழே இருக்கும் தாங்கியிலிருந்து கீழ்நோக்கித் தானாக வடியும். அதனால்தான் செங்குத்தான ஏற்றத்தில், தாங்கியில் பெற்றோல் குறைவாக இருந்தால், றிவேர்ஸில் ஏற்றினார்கள். எங்களுடைய ஊரில் அந்தச் சிக்கல் வந்திருக்காது. வல்லை வெளியிலோ கோப்பாய்த் தரவையிலோ ஏற்றத்தை எங்கே தேடுவது?

சில்லுகள்தான் பொறுமையைக் கேட்டன. ஒவ்வொரு சில்லிலும் பன்னிரண்டு மர ஆரைகள். ஒவ்வொரு ஆரையின் இரு பக்கமும் அச்சு சேர்ந்த கோடு. அதைச் சுரண்டாமல் விட்டால் எவ்வளவு நன்றாக நிறம் அடித்தாலும் அது மரம் ஆகாது, பிளாஸ்ரிக்காகவே நிற்கும். பின்னேரங்களில் படலைக்குப் பக்கத்துத் திண்ணையில் இருந்து, கத்தி நுனியை நிமிர்த்திப் பிடித்து, இழுத்து இழுத்துச் சுரண்டினேன். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: 1913இல் ரயர் கறுப்பு இல்லை. ரப்பருக்குக் கரித்தூள் கலக்கும் வழக்கம் பரவமுன்னர் ரயர்கள் வெண்சாம்பல் நிறத்தில் இருந்தன. மொடலுக்குக் கறுப்பு ரயர் போட்டால் கண் அதை ஏற்றுக்கொள்ளும், காலம் ஏற்றுக்கொள்ளாது.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. பெட்டியில் இருப்பது அமெரிக்கக் கார். இலங்கை உட்பட, பிரித்தானியா தவிர்ந்த அதன் பேரரசு நாடுகளுக்கு விற்கும் உரிமை ஃபோர்ட் கனடாவிடம் இருந்தது. வலப்பக்க ஸ்டியரிங் கார்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் வோக்கர்வில் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றி இதைச் சிலோன் கார் ஆக்கலாமா என்று யோசித்தேன். மூன்று பெடலையும் கைநெம்புகோலையும் நகர்த்தி, தரையைப் புதிதாக வெட்டவேண்டும். முடியாத வேலையில்லை. ஆனால் இங்கே ஓடிய ஒரு காரைப் போலிசெய்வதைவிட, அந்தப் பெட்டி சொல்லும் காரை உண்மையாகச் செய்வது மேல் என்று பட்டது. எங்களுடைய ஊர் அதில் வேறு வழியால் வந்து சேர்ந்தது.

கறுப்பில்லாத ஃபோர்ட்

மொடல் ரி என்றால் கறுப்பு என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கறுப்பாக இருக்கும்வரை எந்த நிறத்திலும் வாங்கலாம் என்று ஃபோர்ட் சொன்ன வாசகம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் கறுப்பு மட்டும் என்ற விதி 1914இலிருந்து 1925வரைதான். 1908இல் முதல் கார்கள் வந்தபோது சாம்பல், பச்சை, சிவப்பு எல்லாம் இருந்தன. 1912இல் எல்லாக் கார்களும் நள்ளிரவு நீலம், மட்காட் கறுப்பு. 1913 காரும் அந்த நீலந்தான். வெயிலில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற நீலம். பிரஷ்யன் நீலத்தோடு கறுப்பைச் சேர்த்துச் சேர்த்து அந்த நிறத்தைப் பிடித்தேன். நிழலில் கறுப்பென்று சொல்லவும், முற்றத்து வெளிச்சத்தில் நீலமென்று ஒத்துக்கொள்ளவும் வேண்டும்.

நிறத்தைத் தேடப்போன இடத்தில்தான் எனக்கு வேண்டிய செய்தி கிடைத்தது. அந்தக் காலத்துக் கார்களுக்கு ஸ்பிறே அடிக்கவில்லை. குதிரை வண்டிக்குப் பெயின்ற் அடித்த அதே கைகள், அதே எண்ணெய்ப் பெயின்ற், அதே வார்னிஷ், அதே பிறஷ். ஒரு பூச்சு காய, அதைத் தேய்க்க, அடுத்ததைப் பூச என்று ஒரு காருக்கு வாரக்கணக்கில் போனது. ஃபோர்ட் அதை வேகப்படுத்தப் பெயின்ற்றைக் குழாயால் வழியவிட்டும், சின்னப் பாகங்களைத் தோய்த்தும் எடுத்தார்கள். 1924இன் ஓக்லாண்ட் கார்களில் டூப்போண்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற லாக்கர் பெயின்ற் வந்த பிறகுதான் ஸ்பிறேயும் சில மணிநேரத்தில் காயும் பெயின்ற்றும் தொழிற்சாலைகளை ஆளத் தொடங்கின. அதாவது, மொடல் செய்கிறவர்கள் எயார்பிறஷ் பிடித்து, லாக்கர் அடித்து, மெழுகு போட்டுக் கொண்டுவரும் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு 1913 காருக்கு உரியதே இல்லை. அது பின்னால் வந்த ஒரு காலத்தின் பளபளப்பு.

பிறஷால் அடிப்பது என்று முடிவெடுத்தேன். அத்தோடு இன்னொரு எண்ணமும் வந்து ஒட்டிக்கொண்டது: பிறஷ் தடத்தை மறைக்காமல் தெரியவிட வேண்டும். கறளும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். கை பட்டது தெரியட்டும். இந்த எண்ணம் மொடல் ரியிலிருந்து வந்ததல்ல. பெரியப்பாவின் காரிலிருந்து வந்தது.

மண்ணெண்ணெய்க் காலம்

பெரியப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 டெவன் இருந்தது. ஹயர் ஓடின கார். இணுவிலிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அது கொண்டுபோய்ச் சேர்த்த கர்ப்பிணிகளின் கணக்கைப் பெரியம்மா இன்றைக்கும் சொல்லுவா. 1990இல், போர்க்காலத்தில், வடக்குக்குப் பெற்றோல் வரத் தடை வந்த பிறகு மற்ற எல்லாக் கார்களும் ஓடியதுபோலவே அதுவும் ஓடியது. கார்பரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல், எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய், பின்னால் கண்ணெரியும் வெள்ளைப் புகை. அந்த மணத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2022இல் பெற்றோலுக்கு நிரையில் நின்றபோது முன்னால் நின்ற ஒரு ஐயா, “உது எங்களுக்குப் புதுசோ?” என்று கேட்டார். நிரை முழுக்கத் தலையாட்டியது.

அந்த எஞ்சின்கள் ஏன் அதைத் தாங்கின என்பதைப் பெரியவனான பிறகுதான் விளங்கிக்கொண்டேன். மண்ணெண்ணெய் அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முன்னரே வெடிக்கும், எஞ்சின் தட்டும். இன்றைய கார் எஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் பத்து மடங்கு நெருக்குகின்றன. ஏ40இல் அது ஏழு மடங்கு அளவில். மொடல் ரியில் நாலரை மடங்கு வரைதான். அதே ஃபோர்ட்டின் ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது. தடைக்காலத்தில் எங்கள் கராஜ்கள் கைப்பழக்கத்தால் கண்டுபிடித்ததை டெற்றோயிற்றை அடுத்த டியர்போர்னில் ஒரு காலத்தில் தொழிற்சாலையிலேயே செய்து அனுப்பியிருக்கிறார்கள். இதை வாசித்த அன்று எனக்கு ஒரு பெருமை வந்தது. இப்போதும் இருக்கிறது.

அந்தக் காலத்தில்தான் பெரியப்பாவின் காருக்குப் பிறஷால் பெயின்ற் அடித்தார்கள். கரண்ட் இல்லை, ஆகவே கொம்பிறசர் இல்லை. லாக்கரும் தின்னரும் வரத்தில்லை. யாரோ ஒரு வீட்டின் கதவு யன்னலுக்கு வாங்கி மிஞ்சிய எனாமல், கடும் பச்சை. பெயின்ரர் ஐயா எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டிலைத் துப்புரவாக்கி அதற்குள் வைத்து அடித்தார். நான் சின்னப் பொடியன், வாசலில் நின்று பார்க்கத்தான் விட்டார்கள்.

1995 ஒக்டோபர் 30 அன்று இரவு, சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர, நாங்களும் வெளிக்கிட்டபோது அந்தக் கார் கொட்டிலுக்குள் நின்றது. எண்ணெய் இல்லை, இருந்திருந்தாலும் நாவற்குழிப் பாலத்தடியில் சனத்துக்குள் கார் நகர்ந்திருக்காது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கொட்டிலின் கிடுகு விழுந்து, ஒரு மாரி மழை முழுக்கக் கார்மேல் பெய்திருந்தது. சில்லும் சீற்றும் போய்விட்டன. பச்சைக்குக் கீழால் கறள் கொப்பளித்திருந்தது. பெரியப்பா அதைத் திரும்பத் தொடவில்லை. அது அப்படியே நின்று நின்று, தரைத்தகடு உக்கி, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது.

கறள் பூசிய மொடல் கார்கள்மேல் என் மனம் ஏன் முரண்டு பிடித்தது என்பதற்கான விடை அங்கேதான் இருந்தது. வேறு ஊர்க்காரருக்குக் கறள் ஒரு அழகு. காலத்தின் அழகு என்கிறார்கள், அவர்களுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். இங்கே ஒரு கார் கறள் பிடித்தால் அந்த வீட்டில் ஆட்கள் இல்லை என்று பொருள். ஆட்கள் இருந்தவரைக்கும், மண்ணெண்ணெயை ஊற்றியாவது, கதவுப் பெயின்ற்றை அடித்தாவது, கறளை அண்டவிடவில்லை. ஆளில்லாத வீட்டின் அடையாளத்தை அலங்காரமாகப் பூச என் கைக்கு மனமில்லை.

ஆர் சொன்னது தடம் தெரிஞ்சதெண்டு?

எனாமலைப் பற்றிக் கேட்பதற்காகத்தான் பெயின்ரர் ஐயாவிடம் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார். இப்போது வேலை செய்வதில்லை. காலமை எழும்பிச் சாப்பிட்டுவிட்டு, கே.கே.எஸ். வீதியில் மருமகன் நடத்தும் கராஜுக்கு வந்து ஒரு கதிரையைப் போட்டு இருப்பார். சப்பாத்துப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, பிறைமர் மட்டும் அடித்த உடலைக் கொண்டுபோயிருந்தேன். ஐயா அதை உள்ளங்கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மட்காட்டின் வளைவைப் பெருவிரலால் தடவினார். பெரிய கார் ஒன்றைத் தடவும் அதே மாதிரி, நகம் படாமல்.

“பிறஷாலதான் அடிக்கப் போறன் ஐயா. தடம் தெரிய விடப் போறன். பெரியப்பாவின்ர காருக்கு நீங்கள் அந்த நேரம் அடிச்சது மாதிரி.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “ஆர் சொன்னது அதில தடம் தெரிஞ்சதெண்டு?”

நான் பேசாமல் நின்றேன்.

“தம்பி, கரண்ட் இல்லை. கொம்பிறசர் இல்லை. பெயின்ற் கதவுக்கு அடிக்கிற பெயின்ற். எல்லாம் சரி. ஆனா தடம் தெரிய நான் ஒரு காரையும் வெளிய விடேல்லை. உன்ர பெரியப்பா அந்தக் காரைக் கொண்டுபோய் ரவுணில விட, எங்கையடாப்பா ஸ்பிறே அடிச்சனீ எண்டு கேட்டவங்கள். தெரியுமோ உனக்கு?”

மருமகன் ஒரு வானின் கீழிருந்து தலையை நீட்டி எங்களைப் பார்த்தார். ஐயாவின் குரல் அவ்வளவுக்கு உயர்ந்திருந்தது.

“கஷ்டத்தைக் காட்டவோ நாங்கள் அடிச்சனாங்கள்? கஷ்டம் வெளிய தெரியக் குடாதெண்டுதானே அடிச்சனாங்கள். நீ இப்ப வந்து, தடம் விடப் போறன் எண்டுறாய்.”

அந்த இடத்தில் எனக்குள் இருந்த ஒன்று இடம் மாறிவிட்டது. மாட்டுக்கொட்டில் வாசலில் நின்ற பொடியனுடைய நினைவில் அந்தப் பச்சை கரடுமுரடாக இருந்தது. ஏன் அப்படி இருந்தது? தடைக்காலம் என்றால் எல்லாம் கரடுமுரடு என்று பின்னால் வந்த வருடங்கள் எனக்குச் சொல்லித் தந்திருக்கின்றன. ஜாம் போத்தல் விளக்கு, மண்ணெண்ணெய்ப் புகை, சைக்கிள் டைனமோ ரேடியோ என்று இப்போது கதை சொல்லும்போது நாங்கள் இல்லாமையைத்தான் முன்னால் வைக்கிறோம். அந்த இல்லாமைக்குள் ஒருவர் விடியப்புறம் எழும்பி, ஒரு தூசி விழாமல், ஒரு கோடு தெரியாமல், ஒரு காரைப் புதுக் காராக்கினார் என்பதை முன்னால் வைக்க மறந்துவிடுகிறோம். பிறஷ் தடத்தைத் தெரியவிட்டிருந்தால் நான் அவருடைய தரித்திரத்தைத்தான் மொடலில் ஏற்றியிருப்பேன், அவருடைய வேலையை இல்லை.

பிறகு அவர் சொல்லித்தந்தார். கோபம் போய், கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

அடிக்கிற நேரம் விடியற்காலை, காற்று எழும்ப முன்னர். நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கவேண்டும். பெயின்ற்றைப் பழைய வேட்டித் துணியால் இரண்டு தரம் வடிக்கவேண்டும். புதுப் பிறஷ் உதவாது, மயிர் விழும், நுனி கரடாக இருக்கும். சுவருக்கும் கதவுக்கும் அடித்து அடித்து நுனி தேய்ந்து மெதுமையான பிறஷ்தான் காருக்கு. முதலில் மேலும் கீழுமாக, பிறகு குறுக்காகப் பரத்தவேண்டும். கடைசியில், பிறஷில் பெயின்ற் அநேகமாக இல்லாதபோது, அதன் பாரம் மட்டும் படும்படி ஒரே பக்கமாக ஒரே இழுவை. இழுத்த இடத்துக்குத் திரும்பக் கூடாது. “திரும்பினியோ, முடிஞ்சுது.” ஒரு தகட்டைத் தொடங்கினால் அதை முடிக்கும்வரை ஆர் கூப்பிட்டாலும் நிமிரக் கூடாது, ஈரமும் காய்ந்ததும் சந்திக்கிற இடம் கதவு விளிம்பில் ஒளியவேண்டும், நடுத்தகட்டில் வரக் கூடாது. பெயின்ற் தானாக மட்டமாகிக்கொள்ள நேரம் கொடுக்கவேண்டும். அதற்குத்தான் ரேப்பன்ரைன். இல்லாத நேரம் துளி மண்ணெண்ணெய் விட்டிருக்கிறார்; காய நாள் எடுக்கும், ஆனால் கோடு படுத்துவிடும்.

“தேய்க்கிறதுக்கு?”

“சான்ட் பேப்பர் எங்கை இருந்தது? கணவாய் ஓடு. நாவாந்துறைப் பக்கம் போய்ப் பொறுக்கிக்கொண்டு வாறது. தண்ணியிலை நனைச்சுத் தேய்.”

நூறு வருடத்துக்கு முந்திய வண்டிப் பெயின்ரர்களும் பூச்சுகளுக்கு நடுவே நுரைக்கல்தூளைத் தண்ணீரில் தொட்டு இதேபோலத் தேய்த்திருக்கிறார்கள். ஐயாவுக்கு அது தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. கையும் பொருளும் ஒன்றென்றால் வழியும் ஒன்றாகத்தான் வரும்.

இருபத்துநாலில் ஒரு பங்கு

ஐயா சொன்னதைச் சின்ன அளவில் செய்யும்போது ஒரு கணக்கு குறுக்கே வரும். மொடல் ரியின் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 100 அங்குலம். மொடலில் அது பத்தரைச் சென்ரிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். இந்த அளவில் பத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரமுள்ள ஒரு பிறஷ் கோடு, உண்மைக் காரில் கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீற்றர் உயர வரம்பாக நிற்கும். அப்படி ஒரு பெயின்ரர் உலகத்தில் எந்தக் காருக்கும் அடித்திருக்க மாட்டார். ஆக, தடம் விடுவது அளவுக் கணக்கிலும் பொய். ஐயாவின் மானமும் அளவுகோலும் ஒரே தீர்ப்பைச் சொன்னது எனக்கு மெத்தப் பிடித்துக்கொண்டது.

சூட்கேசில் எனாமல் வராது, தீப்பற்றும் பொருள் என்று விமானத்தில் விடமாட்டார்கள். ஹாட்வெயார்க் கடையில் சின்னத் தகர எனாமல் கறுப்பும் நீலமும் வாங்கி, வடித்து, மிஞ்சிய பிளாஸ்ரிக் சட்டத்திலும் கரண்டிகளிலும் அடித்துப் பார்த்தேன். வீட்டுப் பெயின்ற்றின் நிறத்தூள் மொடல் பெயின்ற்றைவிடப் பருமன். வடித்த பிறகு ஒரு இரவு அசையாமல் வைத்து, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் எடுத்தால் நன்றாக வருகிறது. பால்போல அல்ல, மோரைவிடத் தண்ணியாகக் கரைக்கவேண்டும். முதல் பூச்சில் பிறைமர் தெரியும், மனம் தளரக் கூடாது. இரண்டாவதிலும் தெரியும். ஒவ்வொரு பூச்சும் மூன்று நான்கு நாள் காய்ந்து, மணம் போன பிறகுதான் அடுத்தது. சோளகம் வீசும் மாதங்களில் இதைச் செய்ய நினைக்கவே வேண்டாம். இணுவில் பக்கத்துச் செம்மண் தூசி, பூட்டிய யன்னலுக்குள்ளாலும் வரும். மாரியில் காயாது. பங்குனியின் அசையாத விடியற்காலைகள்தான் இந்த வேலைக்கென்று வந்தவை.

கடைசிப் பூச்சு இறுகிய பிறகு கணவாய் ஓட்டை அரைத்துத் துணியில் அரித்த மாவைத் தண்ணீரில் தொட்டு, விரல் நுனியால் தேய்த்தேன். கண்ணாடிப் பளபளப்பு மங்கி, எண்ணெய்ப் பெயின்ற்றுக்கே உரிய ஆழமான ஒரு மினுக்கம் வந்தது. ஸ்பிறே அடித்த மொடலில் நான் அதைக் கண்டதில்லை. நீலம் அப்போதுதான் சரியாக எழும்பியது.

கார் எந்த நாளில் நிற்கிறது என்ற கேள்விக்கு விடையை அதன் பித்தளை சொன்னது. 1913 மொடல் ரியில் றேடியேற்றர் பித்தளை, முன்விளக்குகளின் வளையம் பித்தளை. முன்விளக்குக்குக் காபைட்டிலிருந்து வரும் அசற்றிலீன் வாயு. பக்க விளக்குகளுக்கும் பின்விளக்குக்கும் மண்ணெண்ணெய். ஆம், அந்தக் காரே பக்கத்திலும் பின்னாலும் மண்ணெண்ணெய் விளக்கைக் கட்டிக்கொண்டுதான் வந்தது. இந்தப் பித்தளையைப் புதுப்பித்தளையாக அடிப்பதா, களிம்பேறியதாக அடிப்பதா? எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைப் பார்த்தேன். பெரியம்மாவின் மாமியார் காலத்து விளக்கு, வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டு மினுக்குவது. அது புதுசாகவும் இல்லை, பழுதாகவும் இல்லை. கை படும் மேடுகள் எல்லாம் தேய்ந்து வெளிறிய பொன்னாக, புளி எட்டாத பள்ளங்களில் கருமையாக. எத்தனை வெள்ளிக்கிழமைகள் அதன்மேல் கடந்திருக்கின்றன என்பது அந்தப் பள்ளத்துக் கருமையில் தெரியும். கறுப்பை அடியில் அடித்து, பித்தளையை உலர்ந்த பிறஷால் மேடுகளில் மட்டும் தட்டித் தட்டி ஏற்றினேன்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. இந்தக் கார் இருபது வருடம் ஓடிய கார், நேற்றும் ஒருவர் துடைத்த கார். சீற்றின் தோல், ஓட்டுநர் இருக்கும் பக்கத்தில் கொஞ்சம் கருமை. பெடல்களில் பெயின்ற் தேய்ந்து இரும்பு. ஏறுபலகையில் கால் வைக்கிற இடம் மட்டும் மங்கல். ஒரு கதவுக்குப் பின்னால் வந்து திருத்திய நீலம், மற்ற நீலத்தைவிட ஒரு பொட்டுப் புதிது. சொல்லாமல் விட்டால் ஒருவரும் காணமாட்டார்கள். சில்லுக்குச் செம்மண் போட ஆசைப்பட்டு, முற்றத்து மண்ணை எவ்வளவு அரித்தும் அது இந்த அளவில் சரளைக்கல்லாகத்தான் தெரிந்தது. நிறத்தூளால் ஆரைகளின் அடியில் ஒரு மூச்சளவு மட்டும் விட்டேன். அமெரிக்கக் காருக்கு இணுவில் செம்மண்ணா என்று கேட்கலாம். செம்மண் உலகத்தில் எத்தனையோ இடங்களில் இருக்கிறது.

கராஜுக்குக் கொண்டுபோனபோது ஐயா அதை வெயிலுக்குக் கொண்டுபோய், பொனற்றைச் சாய்த்து, வெளிச்சம் தகட்டில் ஓடும் விதத்தைப் பார்த்தார். தடம் தேடினார் என்பது எனக்குத் தெரியும். பிறகு பின்பக்கத்து வலது மட்காட்டைக் காட்டி, “இதில ஒருக்காத் திரும்பியிருக்கிறாய்,” என்றார். திரும்பித்தான் இருந்தேன். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிக்குள் வைக்கும்போது, “எங்கட ஏ ஃபோர்ட்டி உப்பிடிப் பெட்டியில வராதோ?” என்று கேட்டார்.

டெவனைப் பெட்டியில் எதிர்பார்த்துக்கொண்டிருந்து பயனில்லை. அச்சிடை 92.5 அங்குலம், மொடலில் ஒன்பது சென்ரிமீற்றரும் எட்டு மில்லிமீற்றரும். அட்டைப் பிளாஸ்ரிக்கை வெட்டி வளைத்து, மிச்சத்தைப் புட்டியால் கட்டலாம். கராஜில் திருத்த வந்து நிற்கும் டெவன் ஒன்றை வரும் ஞாயிற்றுக்கிழமை நாடா பிடித்து அளக்க அதன் சொந்தக்காரர் சம்மதித்திருக்கிறார். பச்சை எந்தப் பச்சை என்பதில் மட்டும் எனக்கும் ஐயாவுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. எனக்கு அது கிளுவை இலைப் பச்சை. இல்லை, அதைவிட இருட்டு, வீட்டின் பின்யன்னலில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிடக்கும், போய்ச் சுரண்டிப் பார் என்கிறார் அவர்.